இணையக் கட்டுரைத் தலைப்பு: வால் வெட்டுப்பட்டாலும் பொருள் நிற்க வேண்டும்

அச்சு இதழில் தலைப்புக்கு எவ்வளவு இடம் என்பதைப் பக்கம் கட்டுபவர் முடிவு செய்வார். இணையத்தில் அதை முடிவு செய்வது வாசகர் கையில் இருக்கும் திரை. கூகுள் தேடலில், கணினித் திரையில், ஒரு தலைப்புக்குச் சுமார் 600 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். அதைத் தாண்டினால் மூன்று புள்ளி வைத்து நறுக்கிவிடும். மொபைல் நோட்டிஃபிகேஷனில் இன்னும் நெருக்கடி.

தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். ‘இல்லை’, ‘கூடாது’, ‘முடியாது’ என்ற மறுப்பும் கடைசியில் வரும். திரை வெட்டுவதும் கடைசியைத்தான். இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

எலுமிச்சைச் சாறு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை

திரையில் வருவது: ‘எலுமிச்சைச் சாறு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு…’. பொய்யை மறுக்க எழுதிய கட்டுரையே பொய்யைப் பரப்பிவிட்டது. லிங்க்கைத் திறக்காமல் பகிர்பவர்கள் ஏராளம் என்பதால் உள்ளே எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும் பயனில்லை. ‘புற்றுநோயைக் குணப்படுத்தாது எலுமிச்சைச் சாறு’ என்று திருப்பிப் போட்டால் எங்கே வெட்டினாலும் பொருள் கெடாது. சொற்களை இப்படி முன்பின்னாக மாற்றத் தமிழ் இடம் கொடுக்கிறது. தலைப்பு எழுதுபவர் அந்தச் சலுகையைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே முதல் சோதனை இது: தலைப்பின் முதல் மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கையால் மறையுங்கள். எதைப் பற்றிய கட்டுரை என்று தெரிகிறதா? மறைத்ததால் பொருள் தலைகீழாகிறதா? ‘நீண்ட நாட்களாகப் பயன்படுத்தி வரும் மடிக்கணினியின் வேகத்தை மீண்டும் பெற நாம் செய்ய வேண்டியவை’ என்ற தலைப்பில் முதல் மூன்று சொற்கள் ‘நீண்ட நாட்களாகப் பயன்படுத்தி’. இது காராகவும் இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம். ‘லேப்டாப் மெதுவாகிவிட்டதா? முதலில் பார்க்க வேண்டிய 4 இடங்கள்’ என்றால் இரண்டாவது சொல்லிலேயே விஷயம் வந்துவிடுகிறது.

எழுதத் தொடங்கும் முன்

கட்டுரையைப் படித்து முடித்தவர் அதைப் பற்றி நண்பரிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னால் என்ன சொல்வார்? அதைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டா பேட்டரி ஆயுசு குறையுமாம்.’ தலைப்பின் கரு இதுதான். இப்படி ஒரு வாக்கியம் வரவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் குறை தலைப்பில் இல்லை. கட்டுரை இரண்டு மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறது. பிரித்து எழுத வேண்டும்.

அடுத்து, வாசகர் தேடும் சொல் எது என்று பாருங்கள். ‘மின்கலம்’ நல்ல சொல்தான். தேடல் பெட்டியில் அதைத் தட்டுபவர் குறைவு, ‘பேட்டரி’ என்று தட்டுபவரே அதிகம். சந்தேகம் இருந்தால், எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டு சொற்களையும் போட்டு ஒப்பிடலாம். தேடல் பெட்டியில் பாதிச் சொல்லை மட்டும் தட்டி, கீழே என்ன பரிந்துரைக்கிறது என்றும் பார்க்கலாம். தலைப்பில் புழங்கு சொல், கட்டுரைக்குள் கலைச்சொல் என்று இரண்டுக்கும் இடம் கொடுப்பது ஒரு நல்ல சமரசம்.

பிறகு குறைந்தது 10 தலைப்புகள் எழுதுங்கள். முதல் மூன்று நான்கு எல்லோருக்கும் தோன்றுபவையாகத்தான் இருக்கும். ஐந்தாவதுக்கு மேல் வரும்போதுதான் கட்டுரைக்குள் புதைந்து கிடக்கும் ஓர் எண்ணோ, எதிர்பாராத காரணமோ கண்ணில் படும்.

எதை வெட்டுவது

‘குறித்த ஒரு பார்வை’, ‘பற்றிய சில தகவல்கள்’, ‘தெரிந்துகொள்வோம் வாருங்கள்’, ‘முழு விவரம் இதோ’ ஆகிய நான்கும் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் சொல்வதில்லை. ‘மிகவும்’, ‘பல்வேறு’, ‘முக்கியமான’ ஆகியவற்றையும் எடுத்துவிடலாம். மிஞ்சுவது 6 முதல் 9 சொற்களாக இருந்தால் பெரும்பாலான திரைகளில் சமாளிக்கும்.

எழுத்துகளை எண்ணித் தரும் கருவிகளை நம்ப வேண்டாம். ‘தலைப்பு’ என்ற சொல் நமக்கு 4 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையின் கணக்கில் 7 குறியீடுகள், கருவி பெரும்பாலும் 7 என்றே காட்டும். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் ‘50 முதல் 60 எழுத்து’ என்ற அளவும் உதவாது. ‘ணை’, ‘கொ’, ‘ஞௌ’ எல்லாம் அகலத்தில் ‘ர’வைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கும். தலைப்பை உங்கள் மொபைலுக்கே அனுப்பிப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல். அப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: ‘செய்துகொள்ளவேண்டியவை’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் அது மொத்தமாக அடுத்த வரிக்கு ஓடிவிடும், முதல் வரி பாதி வெறுமையாக நிற்கும். ‘செய்துகொள்ள வேண்டியவை’ என்று பிரித்துவிடுங்கள்.

சுருக்கும்போது உடைபவை

இடத்தை மிச்சப்படுத்த முதலில் பலியாவது இரண்டாம் வேற்றுமை ‘ஐ’. ‘பயிற்சியாளரைத் தாக்கிய வீரர்’ என்பதை ‘பயிற்சியாளர் தாக்கிய வீரர்’ என்று குறுக்கினால் அடித்தவர் அடிபட்டவராகிவிடுவார். எழுதியவருக்குச் செய்தி தெரியும் என்பதால் அவர் கண்ணுக்கு இது படாது. தலைப்பை, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் காட்டி ‘யார் யாரை?’ என்று கேட்பது நல்லது.

அடைமொழி எதைத் தழுவுகிறது என்பதும் வழுக்கும் இடம். ‘புதிய மாணவர் விடுதி’ என்றால் விடுதி புதிதா, மாணவர்கள் புதியவர்களா? ‘மாணவர்களுக்குப் புதிய விடுதி’ என்று மாற்றினால் கேள்வியே எழாது. ஒற்றும் அப்படியே: ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. கட்டுரைக்குள் ஓர் ஒற்றுப்பிழையை மன்னிப்பவர்கள்கூடத் தலைப்பில் மன்னிப்பதில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள்.

குற்றச் செய்தியில் சுருக்கம் சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். ‘திருடன் கைது’ என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்வது. ‘திருட்டு வழக்கில் ஒருவர் கைது’ இரண்டு சொல் கூடுதல், ஆனால் சரி. மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருப்பது பேசியவர் சொன்ன அதே சொற்களாக இருக்க வேண்டும்; சாரத்தைச் சுருக்கி எழுதினால் குறியை எடுத்துவிடுங்கள்.

கேள்வியும் எண்ணும்

‘ஆ’ விகுதிக் கேள்வியில் இரண்டு வகை. ‘லேப்டாப் மெதுவாகிவிட்டதா?’ என்பது வாசகரின் நிலையைக் கேட்கிறது. ‘ஆமாம்’ என்பவர் உள்ளே வருவார். ‘காபி குடித்தால் ஆயுள் கூடுமா?’ என்பது உண்மையைக் கேட்கிறது. பதில் எழுதியவருக்கே தெரியாதபோதுதான் பெரும்பாலும் இப்படித் தலைப்பு வரும். கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்றே பதில் சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற பத்திரிகையாளர் 2009இல் கிண்டலாகச் சொன்னது இந்த இரண்டாம் வகையைத்தான். பதில் கையில் இருந்தால் பதிலையே தலைப்பாக்குங்கள். ‘ஏன்’, ‘எப்படி’, ‘எவ்வளவு’ என்று கேட்டால் உள்ளே காரணமோ முறையோ அளவோ கட்டாயம் இருக்க வேண்டும்.

எண் போட்டால் இலக்கத்தில் போடுங்கள், ‘நான்கு’ என்பதைவிட ‘4’ கண்ணில் சட்டென்று விழும். பட்டியலை 10 ஆக்குவதற்காக 6 நல்ல குறிப்புகளோடு 4 சொத்தைகளைச் சேர்க்க வேண்டாம்.

தூண்டில் தலைப்பு ஏன் திருப்பி அடிக்கும்

‘இவர் செய்த காரியத்தைப் பாருங்கள்’, ‘இது தெரியாமல் போச்சே’ போன்றவற்றின் பொறிமுறை எளிது: சுட்டுப்பெயரை வைத்து, சுட்டப்படும் பொருளை மறைப்பது. தலைப்பில் ‘இது’, ‘இவர்’, ‘இப்படி’ வந்தால் அந்த இடத்தில் உண்மையான பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் தலைப்பு சப்பென்று ஆகிவிட்டால் கட்டுரையிலேயே சரக்கு இல்லை.

தகவலை மறைக்கும் தலைப்புகளையும் மிகைப்படுத்தும் தலைப்புகளையும் பின்னுக்குத் தள்ளுவதாக ஃபேஸ்புக் 2016இலேயே அறிவித்தது. மொபைலில் தேடாமலே கட்டுரைகளைப் பரிந்துரைக்கும் கூகுள் டிஸ்கவரின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ‘அதிர்ச்சி’, ‘பகீர்’ வகைக்குக் கிடைக்கும் லாபமும் பெரிதல்ல. தூண்டில் தலைப்புகளுக்குப் பெயர்போன அப்வொர்த்தி என்ற அமெரிக்கத் தளத்தின் பழைய தலைப்புச் சோதனைகளை அலசி 2023இல் வெளிவந்த ஆய்வில், ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் கிளிக் விகிதம் (தலைப்பைப் பார்த்தவர்களில் கிளிக் செய்தவர்களின் பங்கு) கூடியது இருந்ததில் 2.3% மட்டுமே. அந்தச் சில்லறைக்காக வாசகரின் நம்பிக்கையை விற்பது நஷ்ட வியாபாரம்.

ஒரே கட்டுரை, மூன்று தலைப்பு

பக்கத்தில் தெரியும் தலைப்பு, தேடல் முடிவில் காட்டுவதற்காகப் பக்கத்தின் நிரலில் வைக்கும் டைட்டில் டேக், சமூக ஊடகப் பகிர்வுக்கான ‘ஓஜி டைட்டில்’ ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதலாம், தளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், தேடலில் முன்னே வர உதவும் எஸ்.இ.ஓ. பிளகின்கள் (துணை நிரல்கள்) இதற்குப் பெட்டி தருகின்றன. தேடல் தலைப்பில் தேடும் சொல் முன்னால் வரட்டும். பகிர்வுத் தலைப்புக்குப் பக்கத்தில் படம் இருக்கும், ஆகவே படம் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். டைட்டில் டேக் பக்கத்தோடு பொருந்தாவிட்டாலோ, அளவுக்கு மீறி நீண்டாலோ கூகுள் தானே வேறொன்றை எடுத்துக் காட்டிவிடும்.

பக்க முகவரியைத் தமிழில் விட்டுவிட வேண்டாம். முகவரியை நகலெடுக்கும்போது தமிழ் எழுத்துகள் %E0 போன்ற சதவீதக் குறிகளாக மாறினால் ‘தலைப்பு’ என்ற ஒரே சொல் 63 எழுத்துகளாக விரியும். ரோமன் எழுத்தில் 3 முதல் 5 சொற்கள் போதும்.

வெளியிட்ட பின்

உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில், அதிகமுறை காட்டப்பட்டும் கிளிக் ஆகாத பக்கங்களைத் தேடுங்கள். தேடல் முடிவில் சராசரி இடம் முதல் ஐந்துக்குள் இருந்தும் கிளிக் வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தலைப்பை. 30ஆவது இடத்தில் இருந்தால் தலைப்பை மாற்றிப் புண்ணியமில்லை. கிளிக் குவிந்து, வந்தவர்கள் பத்து விநாடியில் ஓடிவிடுகிறார்கள் என்றால் தலைப்பு உள்ளே இல்லாததை வாக்களித்திருக்கிறது.

இரண்டு தலைப்புகளைச் சோதிப்பதென்றால் ஒரு கணக்கு: கிளிக் விகிதம் 2%இல் இருந்து 2.5% ஆகக் கூடியதா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு தலைப்பும் சுமார் 14,000 பேருக்குக் காட்டப்பட வேண்டும். நாளுக்கு 300 பேர் வரும் தளத்தில் இந்தச் சோதனை வெறும் ஜோசியம். அங்கே மூன்று நண்பர்களிடம் கேட்பதே மேல்.

தலைப்பை மாற்றும்போது பக்க முகவரியைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பம் (பழையதைத் திறப்பவரைத் தானாகப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் அமைப்பு) வையுங்கள். மெருகேற்ற மாற்றினால் சொல்லத் தேவையில்லை. தகவல் தவறு என்று மாற்றினால், பழைய தலைப்பில் என்ன தவறு இருந்தது என்பதைக் கட்டுரையின் அடியில் தேதியோடு ஒரு வரியில் குறிப்பிடுங்கள், ஏனென்றால் பழைய தலைப்பு இன்னும் யாருடைய வாட்ஸ்அப்பிலோ சுற்றிக்கொண்டிருக்கும்.