‘ப்ராசஸில் இருக்கிறது’ என்று எழுதாமல் வேலையை எழுதுவது எப்படி?

மண்ணடி தம்பு செட்டித் தெருவில், கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ‘ப்ராசஸில் இருக்கிறது’, ‘ஃபாலோ அப் பண்ணுகிறோம்’, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ போன்ற தொடர்களை நாள் முழுவதும் படித்துப் படித்துச் சலித்தவன் என்ற முறையில், அவற்றைக் கைவிட நான் பழகிய வழியை இங்கே எழுதுகிறேன். இந்த எரிச்சலுக்கு ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஆவன செய்யவும்’ என்று நல்ல தமிழில் எழுதினாலும், யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது அதிலும் இல்லை.

தொழிற்சொற்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அவற்றைக் கைவிட வேண்டியதில்லை. ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ என்றால் சரக்கை வெளியே எடுக்கச் சுங்கத்துறை அனுமதி கொடுத்துவிட்டது என்று பொருள். வேறு பொருள் கிடையாது. காலி கன்டெய்னரைக் குறித்த நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் கப்பல் கம்பெனி கேட்கும் கட்டணம் டிடென்ஷன். யார்டில் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்குக் கேட்பது கிரவுண்ட் ரென்ட். இவற்றை மாற்றினால்தான் குழப்பம் வரும். புதிதாக இறக்குமதி செய்கிறவருக்கு முதல் கடிதத்திலேயே ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

அடுத்து, நீங்கள் எழுதிய வரியைப் படிக்கப் போகிறவர் எங்கே இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு டிரெய்லர் ஓட்டுநர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஏற்றுமதிப் பெட்டியோடு துறைமுகம் நோக்கி நின்ற வரிசையில் அவருடைய வண்டியும் நின்றது. பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான ஃபார்ம் 13 என்ற சீட்டு கைக்கு வராமல் வண்டி உள்ளே போக முடியாது. அன்று மாலையிலிருந்து மூன்று முறை அவருக்கு ‘ப்ராசஸ்ல இருக்கு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அவரே போன் செய்தார்.

“அண்ணே, ப்ராசஸ்னா என்னண்ணே? நான் இப்ப அடுப்பைப் பத்த வைக்கலாமா, வேணாமா?”

உலை கொதிக்கும்போது வரிசை நகர்ந்தால் அவர் பாதிச் சோற்றோடு வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நேரம். அதை நான் மூன்று முறையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியிலும் ஆள், வேலை, நேரம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன். ‘ஃபாலோ அப் பண்ணுகிறோம்’ என்பதை, ‘கப்பல் கம்பெனி கவுன்டரில் எங்கள் ஆள் நிற்கிறார், 4 மணிக்கு டெலிவரி ஆர்டர் கிடைத்ததா இல்லையா என்று சொல்கிறேன்’ என்று எழுதலாம். (சரக்கை ஒப்படைக்கக் கப்பல் கம்பெனி தரும் சீட்டுதான் டெலிவரி ஆர்டர்.) நேரம் தெரியாவிட்டால், அடுத்து எப்போது தகவல் சொல்வீர்கள் என்பதையாவது எழுதுங்கள். அந்த நேரத்தில் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

‘அர்ஜென்ட்’ என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். எல்லா மெயிலிலும் அது இருப்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. அவசரத்திற்கான காரணத்தை எழுதினால் மதிப்பு தானாக வரும். இறக்குமதிச் சரக்கைப் பற்றிச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகத் தாக்கல் செய்தால், முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும் அதற்குப் பின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் விதிக்க 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடம் உண்டு. ஆகவே, ‘இன்வாய்ஸ் இன்று மாலை 5 மணிக்குள் வராவிட்டால் நாளை முதல் தாமதக் கட்டணம் வரக்கூடும்’ என்று எழுதினால், ‘அர்ஜென்ட்’ என்று எழுதவே தேவையிருக்காது.

மேலதிகாரியே இப்படிப் பேசுகிறவராக இருந்தால் திருத்தப் போகாதீர்கள். ‘பார்த்து முடிச்சிடுங்க’ என்று அவர் சொன்னதும், “சார், நாளைக்கு 11 மணிக்குள்ள நான் ஃபைல் பண்ணிடணும்னு எழுதிக்கிறேன், சரிங்களா?” என்று பணிவாகக் கேளுங்கள். நேரம் ஒத்துவராவிட்டால் அவரே மாற்றிச் சொல்வார்.

‘டென்ஷன் ஆகாதீங்க’, ‘பார்க்கலாம்’ என்பவற்றைக் காத்திருப்பவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். டீக்கடையில் சொல்லும் ‘பார்க்கலாம்’ வேறு. அங்கே அது முகம் முறியாமல் மறுக்கும் வழி, இருக்கட்டும்.

அந்த ஓட்டுநர் இப்போதும் எங்களுக்குப் பெட்டி ஏற்றுகிறார். சென்ற வாரம் அவருக்கு அனுப்பிய செய்தி இது: ‘ஃபார்ம் 13 வர எப்படியும் 10 மணி ஆகும். தாராளமா உலை வையுங்க. 9.45க்கு நானே கூப்பிடுறேன்.’