ரீகண்டிஷன் கியர்பாக்ஸ் இறக்குமதி: கப்பல் ஏறும் முன்பே செய்ய வேண்டியவை

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் பட்டறை செம்பனை ஆலைகளை நம்பித்தான் ஓடுகிறது. ஆலையில் பழத்தைப் பிழியும் ஸ்க்ரூ பிரஸ் நின்றால் பழம் குவிந்து கிடக்கும், எண்ணெயில் அமிலம் ஏறும். அந்த அவசரத்தில் எடுத்த முதல் ரீகண்டிஷன் (பழையதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்த) கியர்பாக்ஸ், கிள்ளான் துறைமுகத்தில் பதினாறு நாள் கிடந்தது. இறக்குமதி லைசென்ஸில் ‘பழையது’ என்று இருந்தது. இன்வாய்ஸில் வெறும் ‘கியர்பாக்ஸ்’. முகவரி ஒன்றில் பெஸ்தாரி ஜெயா, இன்னொன்றில் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தை. தவறு எங்களுடையதுதான்.

அதனால், முன்பணம் அனுப்புவதற்கு முன்பே லைசென்ஸ், இன்வாய்ஸ், கே1 பாரம் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு) மூன்றிலும் பெயர், முகவரி, எண்ணிக்கை, பொருளின் நிலை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ஏஜன்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எச்எஸ் எண், அதாவது தீர்வைக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண். எண்ணெய் ஆலை இயந்திரத்தின் பாகம் என்பதால் எங்களுக்கு விற்றவர் 84.79 போட்டிருந்தார். ஆனால் எச்எஸ் பட்டியலின் 16ஆம் பிரிவின் 2ஆம் குறிப்புப்படி, தனக்கென்று தலைப்பு உள்ள பாகம் அந்தத் தலைப்புக்குத்தான் போகும். கியர்பாக்ஸுக்கு அது 84.83. சுங்க அதிகாரியும் அதைத்தான் சொன்னார், அதுவே சரி. சந்தேகம் இருந்தால் 1967 சுங்கச் சட்டத்தின் 10பி பிரிவின் கீழ் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்டு வாங்கலாம்.

பெரிய சண்டை விலையில்தான். பழைய பொருளின் விலை குறைவாகத் தெரிந்தால் அதிகாரி நம்பமாட்டார், அது அவர் வேலை. பேங்கில் பணம் அனுப்பிய சீட்டு, விற்றவரோடு விலை பேசிய கடிதங்கள், எந்த பேரிங், எந்த சீல் மாற்றினார்கள் என்ற பட்டியல், எல்லாம் கையில் இருக்கட்டும். இறக்குமதி வரி சிஐஎஃப் விலைக்குத்தான் (பொருள் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்தது), ஆகவே கப்பல் கூலி, காப்புறுதி ரசீதும் வேண்டும். அப்புறம் பெயர்த் தகட்டின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று விற்றவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியைத் திறந்தபோது பச்சைப் பெயின்ட் சீரியல் எண்ணை மூடியிருந்தது. தின்னர் தொட்ட துணியால் அரை மணி நேரம் துடைத்த பிறகுதான் கடைசி நாலு எண் தெரிந்தது.

அப்படியும் ஒத்துவராவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். முடிவை எழுத்தில் கேளுங்கள். சுங்கத்துறைத் தலைமை இயக்குநரின் முடிவு எழுத்தில் வந்ததிலிருந்து 30 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தத் தேதியை அதன் உறை மேல் எழுதி வையுங்கள்.