ஒரு மீட்டர் வீழ்ச்சியில் மின்சாரம்: சோதனை முயற்சிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பணையிலும் வாய்க்கால் மதகிலும் ஓரிரு மீட்டர் மட்டுமே இறங்கும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்க, நீரைச் சுழித்து இறங்கவிடும் நீர்ச்சுழல் தொட்டி, சாய்வாக வைத்து இறங்கும் நீரால் சுழலவிடும் ஆர்க்கிமிடீஸ் திருகு, ஓடும் நீரில் மிதக்கவிடும் மிதவை டர்பைன் என்று பல முயற்சிகள் நடக்கின்றன. எந்த டர்பைன் சிறந்தது என்ற விவாதத்தில் செலவாகும் நேரத்தில் பாதியையாவது அளவெடுப்பதில் செலவிடலாம் என்பது என் கருத்து.

பொதுவான தவறு, ஆற்றின் வேகத்தைக் கண்டு மயங்குவது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் இறங்கி நின்றால் காலை இழுக்கும். ஆனாலும் ஒரு சதுர மீட்டர் குறுக்குப்பரப்பில் அதன் இயக்க ஆற்றல் 500 வாட்தான். திறந்த ஓட்டத்தில், பெட்ஸ் வரம்பு எனப்படும் இயற்பியல் உச்சவரம்பின்படி, அதில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. நடைமுறையில் 150 வாட் கிடைத்தாலே திருப்திப்படலாம். நொடிக்கு அதே ஒரு கனமீட்டர் நீர், அதாவது சுமார் 35 கன அடி, ஒரு மீட்டர் உயரம் இறங்கினால் 9.8 கிலோவாட் இருக்கிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது உண்மைதான்; ஆனால் சமவெளி ஆற்றில் அந்த வேகம் வெள்ளத்தில்தான் வரும், அப்போது மிதவையே தங்காது.

இரண்டாவது தவறுதான் அதிகம் ஏமாற்றுவது. கோடையில் தடுப்பணையின் உச்சியிலிருந்து கீழே தெரியும் பாறை வரை டேப் பிடித்து, அதையே வீழ்ச்சி என்று எழுதிக்கொள்கிறார்கள். கணக்குக்கு உரியது மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபும் ஒரு அளவுகோலும் இருந்தால் அதைச் சரியாக எடுத்துவிடலாம். ஆனால் ஒரே நாளில் எடுத்தால் போதாது, ஏனெனில் மழைக்காலத்தில் கீழ்மட்டம் மேல்மட்டத்தைவிட வேகமாக உயர்ந்து வீழ்ச்சியை விழுங்கிவிடும். மேட்டூருக்குக் கீழே காவிரியில் தலா 30 மெகாவாட் திறனுள்ள செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை போன்ற கதவணை மின்நிலையங்களிலேயே, பெருவெள்ளத்தின்போது கதவுகளைத் திறந்துவிட்டு உற்பத்தியை நிறுத்துகிறார்கள். தண்ணீர் கரைபுரளும் நாளில் மின்சாரம் இல்லை என்பது முரணாகத் தோன்றலாம். தாழ்வீழ்ச்சியின் இயல்பே அதுதான்.

குப்பை தடுக்கும் கம்பிச் சல்லடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு 20 சென்டிமீட்டர் மட்டம் குறைந்தால், நூறு மீட்டர் வீழ்ச்சியில் அது ஒரு பொருட்டே அல்ல, 1.2 மீட்டர் வீழ்ச்சியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நீரளவை மிதவை விட்டுப் பார்ப்பவர்கள், மேற்பரப்பு வேகம் சராசரியைவிட அதிகம் என்பதால் அதை 0.85ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் சோட்லோட்டரர் உருவாக்கிய நீர்ச்சுழல் மின்நிலையத்தைப் பார்த்தவர்களில் சிலர், சுழலே ஆற்றலைப் பெருக்குகிறது என்று நம்புகிறார்கள். அது பெருக்குவதில்லை, நீரளவும் வீழ்ச்சியும் தருவதே அதன் உச்ச வரம்பு. எளிய கட்டுமானமும் நீரில் காற்று கலப்பதும்தான் அதன் உண்மையான கவர்ச்சி.

கடைசியாகச் சுழல்வேகம். பெரிய திருகு நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகளே சுற்றும். சாதாரண நான்கு துருவ ஜெனரேட்டருக்கு 1500 சுற்றுகள் வேண்டும். இடையில் வரும் கியர்பெட்டியின் இழப்பையும், மின்சுமை திடீரென விடுபட்டால் கட்டின்றி ஓடும் டர்பைனின் வேகத்தையும் மறந்துவிட்டு, அச்சுத்தண்டில் அளந்ததை மட்டும் செயல்திறனாக அறிவிக்கக்கூடாது. மதகை இறக்க ஆகும் அந்த ஒரு நிமிடத்துக்காவது, விடுபட்ட சுமைக்குப் பதிலாக மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஹீட்டர் தயாராக இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.