பொக்கேய்ரா பள்ளத்தாக்கின் வெள்ளைக் கிராமங்கள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஸ்பெயினுக்குப் போகிற பலர் கிரானடாவில் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்த கையோடு அடுத்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். இன்னும் ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். சியெரா நெவாடா மலையின் தெற்குச் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். அங்கே பொக்கேய்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று வெள்ளைக் கிராமங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கீழே பம்பனேய்ரா, சுமார் 1,050 மீட்டர் உயரத்தில். நடுவில் புபியோன், சுமார் 1,300. மேலே கபிலேய்ரா, சுமார் 1,430.

படி 1: மேலே போய் இறங்குங்கள்

கிரானடா பஸ் நிலையத்திலிருந்து காலையில் கிளம்புங்கள். லன்ஹரோன், ஓர்கிவா வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பஸ் மூன்று ஊர்களிலும் நிற்கும். நீங்கள் கபிலேய்ரா வரை போய்விடுங்கள். அங்கிருந்து கீழ்நோக்கி நடந்தால் மூச்சு வாங்காது. வளைவுகள் அதிகம், குமட்டல் வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பஸ்கள் குறைவு என்பதால், கிளம்பும் முன்பே நேரத்தைக் குறித்துக்கொள்வது முக்கியம்.

படி 2: அரை மணி நேரம் வீடுகளை மட்டும் பாருங்கள்

பள்ளத்தாக்கின் தலைப்பக்கம் வெலேத்தா சிகரம் தெரியும். வசந்தத்தில்கூட அதில் பனி இருக்கும். அதைப் பார்த்து முடித்ததும் கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள். சுண்ணாம்பு அடித்த கல் வீடுகள், ஓடு இல்லாத தட்டைக் கூரைகள். ஒரு வீட்டின் மொட்டை மாடி மேல் வீட்டின் வாசல் மட்டத்தில் இருக்கும். கூரையில் சாம்பல் நிறத்தில் தெரிவது லௌனா என்ற களிமண். தண்ணீரை உள்ளே விடாது. தேய்பிறையில் போட்டால்தான் ஒழுகாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தெருவின் குறுக்கே இரண்டு வீடுகளை இணைத்துச் செல்லும் மரக்கூரைப் பாதைக்குத் தினாவ் என்று பெயர். வெயிலோ மழையோ, அதன் அடியில் நின்றுகொள்ளலாம்.

இந்தக் கட்டட முறையும், மலைச்சரிவில் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்களும் முஸ்லிம்கள் வாழ்ந்த காலத்திலிருந்து வருபவை. கிரானடா 1492-இல் கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்த பிறகும் அவர்களின் சந்ததியினர் இங்கேதான் இருந்தார்கள். 1568-இல் கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்டதும் அவர்களை வெளியேற்றிவிட்டு வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கட்டியவர்கள் போய்விட்டார்கள், வாய்க்கால் ஓடுகிறது. பம்பனேய்ராவில் ஒரு செங்குத்தான சந்தின் நடுவே அந்தத் தண்ணீர் சலசலவென்று இறங்கும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

படி 3: நடை

கபிலேய்ராவிலிருந்து புபியோன் அரை மணி நேரம். அங்கிருந்து பம்பனேய்ராவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கல்லும் சரளையும் உள்ள பாதை, நல்ல பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

படி 4: நேரத்துக்குச் சாப்பிடுங்கள்

இதில்தான் நான் முதல் தடவை தவறினேன். ஐந்து மணிக்குப் பசியோடு போய் நின்றபோது சமையலறை மூடியிருந்தது. மதியச் சாப்பாடு 2 மணியிலிருந்து 4 வரை; அப்புறம் இரவு எட்டரைக்கு மேல்தான்.

ப்ளாத்தோ அல்புஹரேன்யோ கேளுங்கள். ஒரே தட்டில் உருளைக்கிழங்கு, பொரித்த முட்டை, ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, சொரீத்தோ என்ற சிவப்புத் தொத்திறைச்சி, மோர்சீயா எல்லாம் வரும். மோர்சீயா என்பது பன்றி ரத்தத்தில் செய்யும் கருப்புத் தொத்திறைச்சி. ஆனால் அந்தத் தட்டின் உயிர் உருளைக்கிழங்குதான். ‘பாப்பாஸ் ஆ லோ போப்ரே’, அதாவது ஏழை வீட்டு உருளைக்கிழங்கு. வில்லை வில்லையாக நறுக்கி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், பூண்டோடு நிறைய ஆலிவ் எண்ணெயில் சிறுதீயில் விடுவார்கள். மொறுமொறுப்பாகாது; எண்ணெயிலேயே வெந்து ஓரம் லேசாகக் குழையும். முட்டையின் மஞ்சள் கருவை உடைத்து அதன் மேல் ஓடவிட்டுச் சாப்பிடுங்கள். காலையிலிருந்து நடந்த களைப்புக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. இருவர் போனால் ஒரு தட்டே போதும்.

சைவமா? ‘ஸின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொன்னால் ஹமோன் துண்டுகள் வந்துவிடும். பலர் அதை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘ஸின் ஹமோன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாப்பாஸும் முட்டையும் தனியாகவே கிடைக்கும். மிருகக் கொழுப்பு கூடாது என்பவர்கள் எந்த எண்ணெய் என்றும் கேட்டுவிடுங்கள்.

இனிப்புக்கு சொப்லீயோஸ்: முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் பாதாமும் சேர்ந்தது, வாயில் வைத்ததும் கரையும்.

படி 5: இரவு தங்கினால் த்ரெவேலெஸ்

மறுநாள் முல்ஹசேன் (3,479 மீட்டர்) அடிவாரத்தில் உள்ள த்ரெவேலெஸுக்குப் போகலாம். ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயரமான சிகரம் அது. ஊரின் பெயரே ஹமோனால்தான் பரவியது. ராணி இரண்டாம் இசபெல் 1862-இல் அதற்குத் தன் முத்திரையை அளித்தார். உப்பிட்ட தொடைகளை மலைக்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். கடைக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள், உத்தரம் முழுக்கத் தொடைகள். நூறு கிராம் மட்டும் மெல்லிசாகச் சீவித் தரச் சொல்லுங்கள். குளிர்ச்சியாகச் சாப்பிடாதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, ஓரக் கொழுப்பு பளபளக்கத் தொடங்கியதும் ரொட்டியோடு வாயில் போடுங்கள்.