எச்டிஆர் நிலக்காட்சியில் நிழலைக் காப்பது: குமரி மாவட்டத்துக் காட்சிகளை வைத்து ஒரு வழிகாட்டி

எச்டிஆர் முறையில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாக இணைத்து, உருவாக்கிய நிலக்காட்சிகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. அப்படி இணைக்கும் வசதி கைக்கு வந்ததும், இருண்டிருக்கும் மூலைகளையெல்லாம் வெளுத்துக் காட்டும் ஆசையும் கூடவே வந்துவிடுகிறது. நிழல் போன இடத்தில் படத்தின் உணர்வும் போய்விடும் என்பதால், எந்தப் பகுதி இருட்டாகவே நிற்க வேண்டும் என்பதை முக்காலியை ஊன்றும் முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது.

முட்டம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். மாலையில் சூரியனுக்கு நேர் எதிரே நின்றால் பாறைகள் கரிய திட்டுகளாகிவிடும். சற்றே திரும்பி, ஒளி பக்கவாட்டில் விழும்படி நின்றால், ஒவ்வொரு வெடிப்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8 முதல் எஃப்/11 வரை ஏதேனும் ஒன்று, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஆகியவற்றை நிலையாக வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி −2, 0, +2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) என மூன்று படங்கள் எடுக்க வேண்டும். சூரியன் சட்டத்துக்குள் இருந்தால் −4 அளவில் இன்னொன்றும் தேவைப்படலாம். ஹிஸ்டோகிராமில் (இடமிருந்து வலமாக, இருளிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தில்), மிக இருண்ட படம் வலது ஓரத்தில் முட்டாமலும், மிக வெளிச்சமான படம் இடது ஓரத்தில் ஒட்டாமலும் இருந்தால் போதும். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்துக்கேற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாமல் வெயில் அளவிலேயே நிறுத்துவது என் வழக்கம். வெயில் பட்ட பக்கத்தின் பொன்னிறமும், வானொளி மட்டும் படும் நிழலின் நீலமும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

இணைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. திருத்தும் மென்பொருளில் நிழலுக்கான ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளாமல், பாறையின் உருவம் மங்கலாகப் புலப்படும் இடத்தில் நிறுத்திவிட்டு, கருமைக்கான ஸ்லைடரைச் சற்றே இறக்க வேண்டும். பார்ப்பவரின் கண் முதலில் வெளிச்சமான இடத்துக்கே போகும் என்பதால், அலை நனைத்த பாறை விளிம்பு போன்ற ஓர் இடத்துக்கு மட்டும் அந்த வெளிச்சத்தை விட்டுவைத்து, மற்றவற்றைப் பிரஷ் கொண்டு மெல்ல அடக்கலாம். பாறையும் வானமும் சந்திக்கும் கோட்டில் வெள்ளைப் பட்டை தோன்றினால், டோன் மேப்பிங்கின் (இணைத்த படத்தின் பெரிய ஒளி வேறுபாட்டைத் திரைக்கேற்பச் சுருக்கும் படியின்) வலிமை மிகுந்துவிட்டது என்று பொருள். (சுற்றுலா விளம்பரப் படங்கள் பலவற்றில் இந்தப் பட்டையைக் காணலாம்.)

கன்னியாகுமரிக் கரையிலிருந்து விடியலில் திருவள்ளுவர் சிலையை எடுப்பவர்கள் முகத்தை வெளிச்சமாக்க முயல வேண்டாம். பீடத்தோடு 133 அடி உயரமுள்ள அந்த உருவத்தை யாரும் நிழலுருவிலேயே அடையாளம் காண்பார்கள். செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை சூரியன் கிழக்குக்குத் தெற்கே தள்ளி உதிப்பதால், சிலை இருக்கும் பக்கத்தை நெருங்கி வரும். இதற்கு அந்த மாதங்களே ஏற்றவை. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நிலைமை வேறு. உயர்ந்த தூண்களுக்கு அடியில் பறளியாற்றுப் பள்ளத்தின் பசுமை மறைந்திருப்பதால், அங்கே நிழலைக் கொஞ்சம் திறந்துவிடத்தான் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை மேகம் வானத்தை முழுவதுமாக மூடியிருக்கும் நாளில் எச்டிஆர் தேவையே இல்லை. ஒரே ரா கோப்பில் எல்லாம் அடங்கிவிடும். வற்புறுத்தி இணைத்தால் மேகம் அழுக்காகத்தான் தெரியும். ஆனால் மேக இடைவெளி வழியே நாஞ்சில் நாட்டு வயலில் ஒரு துண்டு வெயில் விழுந்தால், அதை அளந்து எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியளவு) வைத்து, பின்னணி மலையை இருளிலேயே விட்டுவிடலாம்.

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் இறக்கைகளும், தென்னோலைகளும், அலைகளும் மூன்று படங்களிலும் வெவ்வேறு நிலையில் பதிவாகும். இணைக்கும்போது மென்பொருளின் பேய்நிழல் நீக்கும் வசதியை இயக்கியும் இரட்டை விளிம்பு தெரிந்தால், அசையும் பகுதியை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்து, மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரியவிடும் மறைப்பு) மூலம் மேலே பொருத்திவிட வேண்டும்.