அப்பாவைப் பற்றி எழுத வராதபோது

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் 'அவர் ரொம்ப நல்லவர்' என்ற வரியோடு கை நின்றுவிடும். பாசம், தியாகம் என்று பெரிய சொற்களாக வந்து விழும். அவற்றில் அப்பாவைக் காணவே முடியாது.

செங்கோட்டைக்காரர்களான எங்களுக்குக் காலக்கணக்கு ரயிலை வைத்துத்தான். கேரளத்துப் புனலூருக்குப் போன மீட்டர் கேஜ் வண்டி 2010-இல் நின்றது, அகலப்பாதை 2018-இல் வந்தது. சரி, அப்பாவை விட்டுவிட்டு அந்தப் பழைய வண்டியை எழுதுவோம் என்று தொடங்கினேன். காய்கறிக் கூடையோடு எந்தப் பெட்டியில் ஏறுவார், பதின்மூன்று கண் பாலம் வரும்போது எந்தப் பக்கம் உட்காருவார். அவர் மனதில் என்ன இருந்தது என்று எழுதவில்லை, கை என்ன செய்தது என்று மட்டும். கூடைமேல் போட்ட ஈரச் சாக்கு. காதில் செருகிய பென்சில். சட்டைப்பையில் நாலாக மடித்த கணக்குச் சீட்டு. அதில் கடைக்காரர் பெயரெல்லாம் மலையாளத்தில், காய்ப் பெயரெல்லாம் தமிழில். சீட்டு வந்ததுமே அப்பாவும் வந்துவிட்டார்.

அப்புறமும் ஓரிடத்தில் தடைபட்டது. அத்தையைப் பேசவிட்டு போனில் பதிவு செய்தேன். "ஆரியங்காவுக்கு முந்தி வண்டி குகைக்குள்ள போனா உங்கப்பா பாட ஆரம்பிச்சிருவாம்ல" என்றாள். எனக்கு அது புதிது. எந்தப் பாட்டு என்று அவளுக்கு நினைவில்லை. இட்டுக்கட்ட எனக்கு மனம் வராது. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு மேலே எழுதினேன். திருத்தம் எல்லாம் மறுநாள்தான்.