உங்கள் மாய உலகத்துத் துப்பாக்கி எத்தனை குண்டு தாங்கும்?

பகடை உருட்டிக் கதை ஆடும் மேஜை விளையாட்டில் முதன்முதலில் கேம் மாஸ்டராக (கதையை நடத்தி விதி சொல்பவராக) உட்கார்ந்தபோது துப்பாக்கிக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்: குறி பட்டதா என்று பார்க்க உருட்டும் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் துப்பாக்கி உடையும். அன்று ஒரே மாலையில் மூன்று முறை உடைந்தது. அடுத்த வாரம் அந்த பிளேயர் வில்லோடு வந்தார். நீங்களும் அதே விதியை எழுதிவிடாமல் இருக்க இந்தக் குறிப்பு. கணக்கெல்லாம் இந்த வகை விளையாட்டுகளில் ஒன்றான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை வைத்து.

படி 1: துப்பாக்கியால் என்ன லாபம் என்று பாருங்கள்

மஸ்கெட்டின் (பழைய காலத்து நீளத் துப்பாக்கி) விலை 500 தங்கக் காசு. சேதத்துக்குப் பன்னிரண்டு முகப் பகடை, சராசரி 6.5. கனமான குறுக்குவில் 50 காசுதான். அதற்குப் பத்து முகப் பகடை, சராசரி 5.5. அதாவது பத்து மடங்கு விலை கொடுத்து வாங்குவது ஒரே ஒரு புள்ளி! இத்தனைக்கும் குறுக்குவில் 100 அடி வரை சிரமமில்லாமல் எய்யும், மஸ்கெட் 40 அடிதான். நிரப்பும் தாமதம் இரண்டுக்கும் ஒன்றே.

பலரும் பழுது விதியை பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் முதல் பதிப்பிலிருந்து எடுத்து வருகிறார்கள். அங்கே பழைய மஸ்கெட் 1 அல்லது 2 விழுந்தால் பழுதாகும். பழுதோடு சுட்டால் அந்த எல்லை இன்னும் 4 கூடும், அப்போதும் சறுக்கினால் துப்பாக்கியே வெடிக்கும். கொடூரம்தான். ஆனால் அங்கே கிட்டத்தில் சுட்டால் எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது, அந்தச் சலுகைக்கான விலைதான் இது. சலுகையை அங்கேயே விட்டுவிட்டுத் தண்டனையை மட்டும் தூக்கிவந்தால் எப்படி?

படி 2: எவ்வளவு பழுது தாங்கும் என்று கணக்கிடுங்கள்

கேரக்டரின் திறமைக்கு 3 சேர்த்தால் மஸ்கெட்டுக்கு 9.5, குறுக்குவில்லுக்கு 8.5. 1, 2, 3 விழுந்தால் பெரும்பாலும் எப்படியும் குறி தப்பும். ஆகவே அந்தக் குண்டு நஷ்டமில்லை, அடுத்த டர்னைச் சீர்செய்வதில் செலவிடுகிறோமே, அதுதான் நஷ்டம்.

மற்றபடி குறி தப்புவது இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதை விட்டுவிடுவோம்; இருபது முறை சுட்டால் 190 புள்ளி. 1 மட்டும் பழுது என்றால் சராசரியாக 21 டர்ன் ஆகும், டர்னுக்கு 9 புள்ளி. 1-2 என்றால் 22 டர்ன், 8.6 புள்ளி. 1-3 என்றால் 23 டர்ன், 8.3 புள்ளி. குறுக்குவில்லின் 8.5 நினைவிருக்கிறதா? 2 வரைக்கும் துப்பாக்கி தாக்குப்பிடிக்கிறது, 3-ல் தோற்கிறது. சரி, அந்த 3-ஐ எப்போதும் இருக்கும் விதியாக வைக்காமல், கவனிக்காமல் விட்டால் வந்து சேரும் நிலையாக வைப்போம்.

படி 3: உடைசலுக்குப் பதில் கரி

நிஜமான பழைய துப்பாக்கிகள் வாள் மாதிரி பட்டென்று முறிவதில்லை, அழுக்கேறிப் படுத்தும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடமான கசடாக மிஞ்சும். அது குழலுக்குள் அப்பி, அடுத்த குண்டை இறக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சிக்கிமுக்கிக் கல் மழுங்கும். தீப்பொறி குழலுக்கு வெளியே உள்ள சின்னக் கிண்ணியில் இருக்கும் மருந்தை மட்டும் பற்றவைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றுவிடும். மழை வந்தால் நமுத்துப்போன தீபாவளி வெடி கதைதான்.

அதனால் கேரக்டர் தாளில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். முதல் ஐந்து குண்டுக்குப் பழுதே கிடையாது. ஆறு முதல் பத்து வரை, 1 விழுந்தால் சுடாது. பதினைந்து வரை 1-2. அதற்கு மேல் 1-3. சுடாவிட்டால் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு டர்ன் செலவழித்துச் சீர்செய்தால் போதும். சண்டை முடிந்து பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீரும் துணியும் போட்டுக் கழுவினால் கோடெல்லாம் அழிந்துவிடும். மாயத் துப்பாக்கிக்கும் இதே விதி, மருந்து மாயமில்லையே.

படி 4: நிஜமாகவே உடைவது

இதை அரிதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து கோடு தாண்டியும் கழுவாமல் சுட்டு 1 விழுந்தால் வில்சுருள் முறியும், கொல்லரிடம் போக வேண்டும். குழல் வெடிப்பதை பிளேயர் தானாகக் கேட்டு வாங்கினால் மட்டும் கொடுங்கள். உதாரணமாக, இரட்டை மருந்து திணித்து சேதத்தையும் இரட்டிப்பாக்கப் பார்க்கிறார் என்றால். பதற்றத்தில் இப்படித் திணிப்பது நிஜத்திலும் நடந்ததுதான். 1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளில் ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றுக்கு மேல் தோட்டா இருந்தது, ஒன்றில் மட்டும் 23.

அப்புறம், வில்லுக்கு மாறிய அந்த பிளேயர் மஸ்கெட்டுக்கே திரும்பிவிட்டார். போன வாரம் பாலைவனக் குகையில் கடைசிக் குடுவைத் தண்ணீரைக் குடிப்பதா, குழலைக் கழுவுவதா என்று மேஜையே கால் மணி நேரம் சண்டை போட்டது.